ஆத்தாவின் வாய் வறட்சி 12 அணாவிலிருந்து 10 அணா: இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#1 கீழச்சிவல்பட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தாவுக்கு வயது 71. நாலு வருஷமாக வாய் வறட்சி, கண் உறுத்தல், கை மூட்டு வலி. சர்க்கரையா, வயசா, நம்ம ஊர் வெயிலா என்று மூன்று வருஷம் போய்விட்டது. அதற்குள் கீழ்வரிசையில் ஐந்து பல் போயிற்று. பல்லை எடுத்தவர்கள் யாரும் "வாய் காய்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்றும் என் மனதில் நிற்கிறது. போன வருஷம்தான் மதுரையில் ஒரு வாதநோய் மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் ரோ எதிர்ப்பொருளைப் பார்த்துவிட்டு ஷோகிரன் நோய் என்று சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உமிழ்நீர்ச் சுரப்பியையே தாக்கும் நோய்.

சித்திரைக் கடைசியில் உமிழ்நீரை ஊற வைக்கும் பைலோகார்பின் மாத்திரை ஆரம்பித்தார்கள். அன்று ஒரு தாளில் கோடு போட்டு, 0 என்றால் வறட்சியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வறட்சி, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்துக்கு எம்புட்டுன்னா எனக்கென்ன தெரியும்? ரூபாய்க்கு எத்தனை அணான்னு கேளு, சொல்றேன்" என்றார்கள். அப்படிக் கேட்டதும் யோசிக்காமல் "பன்னெண்டணா" என்றார்கள். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. இப்போது ஐப்பசி. போன வாரம் கேட்டபோது "பத்தணா".

ஃபைலில் 8 என்றும் 6 என்றும் எழுதி, 25 சதவீதம் முன்னேற்றம், மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, தொடரலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பார்த்தால் படுக்கைப் பக்கத்துச் சொம்பு அங்கேயேதான் இருக்கிறது. சீடையைத் தொடுவதில்லை. மாத்திரை போட்ட அரை மணியில் நெற்றியும் கழுத்தும் வேர்த்து ரவிக்கை நனைகிறது. மாதச் செலவும் சின்னதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் சாமி அறையில் பதிகம் சொல்லும்போது முன்பு நாலாவது பாட்டிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள். இப்போது ஆறு, ஏழு வரை போகிறார்கள்.

இது முன்னேற்றமா இல்லையா? எதை வைத்து முடிவு செய்வது?

#2 பல்டாக்டர் காரைக்குடி

அண்ணே, பற்கள் போனது கேட்டு வருத்தமாக இருக்கிறது. உமிழ்நீர் குறைந்தால் ஈறு ஓரத்திலும் வேர்ப் பக்கத்திலும்தான் சொத்தை வேகமாக விழும். அதைப் பார்த்ததுமே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்வோம். வாய் காய்கிறது என்று உணர்வது ஒன்று, உமிழ்நீர் குறைவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே போகும் என்று நினைக்கிறோம், அப்படிப் போவதில்லை. சும்மா இருக்கும்போது சராசரியாக நிமிஷத்துக்கு 0.3, 0.4 மில்லி சுரக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் இது ரொம்ப மாறும். டாஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1987-இல் காட்டியது என்னவென்றால், ஒருவருக்குத் தன் வழக்கமான சுரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையும்போதுதான் வாய் காய்வது தெரிகிறது. இயல்பிலேயே 0.8 சுரந்தவர் 0.4-க்கு வந்தால் தவிப்பார். அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த 0.4 பிறந்ததிலிருந்து உள்ள சாதாரண அளவு. அதனால் ஒரே ஒரு நாள் அளந்த எண்ணை வைத்து "உங்களுக்கு நன்றாகத்தானே ஊறுகிறது" என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

அதே சமயம் அளக்காமலும் விடக் கூடாது. 2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த வரையறையில், சும்மா இருக்கும்போது சுரக்கும் உமிழ்நீர் நிமிஷத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்குக் கீழே என்றால் அது இந்த நோயின் ஒரு அடையாளம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், பல் தேய்க்காமல், அசையாமல் உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் கவிழ்த்து, ஊறுவதை ஒரு சின்னக் கிண்ணத்தில் விடச் சொல்லுங்கள். 15 நிமிஷம். மெல்லவோ நாக்கைச் சுழற்றவோ கூடாது. பிறகு எடை போடுங்கள். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. ஒரு நாள் போதாது, மூன்று நாள் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஆத்தா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? முழுப் பட்டியல் வேண்டும்.

#3 தேவகோட்டை, பன்னிரண்டு வருஷம்

எனக்கு இந்த நோய் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. வயது 49. உங்கள் ஆத்தா அணாவில் சொன்னதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன்.

என்னிடமும் பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் 9 சொன்னேன். இப்போது 6 சொல்கிறேன். எனக்கு ஒன்றும் குறையவில்லை அண்ணே. பழகிவிட்டது. கைப்பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை, கல்யாண வீட்டில் பந்தியில் ரசம் வரும் வரை வாயில் ஒன்றும் வைப்பதில்லை, தேங்குழல் பக்கம் கையே போகாது. இத்தனையையும் விட்டுக்கொடுத்த பிறகு வரும் 6 அது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நான் தேறிவிட்ட மாதிரி தெரியும்.

இன்னொன்று, நாம் எந்தச் சொல்லால் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "தாகமா இருக்கா?" என்று கேட்டால் நான் இல்லை என்பேன். தாகம் தண்ணீர் குடித்தால் அடங்கும். இது குடித்த இரண்டாவது நிமிஷம் திரும்ப வந்து நிற்கும். நாக்கு ஒட்டுவது ஒன்று, எச்சில் பசை மாதிரி நூல் நூலாக இழுப்பது ஒன்று, உதடு பல்லில் ஒட்டுவது ஒன்று, காரம் பட்டால் எரிவது ஒன்று. நம்ம வீட்டு மிளகுக் குழம்பு எனக்கு இப்போது தீ மாதிரி. மருந்தில் ஒன்று குறையும், ஒன்று குறையாது. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் எப்படிச் சொல்வேன்?

நான் இப்போது ஒரு நோட்டில் எழுதிவைப்பது இரண்டே விஷயம். ராத்திரி வாய் காய்ந்து எத்தனை தடவை எழுந்தேன். மகளோடு போனில் தண்ணீர் குடிக்காமல் எத்தனை நிமிஷம் பேசினேன். இதில் பழக்கதோஷம் அவ்வளவாக ஏறாது. உங்கள் ஆத்தாவின் பதிகக் கணக்கு என் நோட்டைவிடப் பல மடங்கு நல்ல கணக்கு. விடாதீர்கள்.

#4 ராயவரம் பேரன்

எங்கள் ஐயா காலத்தில் இதற்கெல்லாம் மாத்திரையா? சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போட்டால் தன்னால் ஊறும். இல்லையென்றால் புளிப்பு மிட்டாய், எலுமிச்சை. ஆத்தாவுக்குக் கொடுத்துப் பாருங்கள், செலவில்லாமல் முடியும்.

#5 பல்டாக்டர் காரைக்குடி

தம்பி, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இந்த நோயாளிக்கு வேண்டாம். பாக்கைப் புகையிலை சேராமலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. புளிப்பும் சர்க்கரையும் பல்லைக் கரைப்பவை. நமக்கு அதைக் கழுவி விட உமிழ்நீர் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. ஊற வைக்க வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். மிச்சமுள்ள பல்லுக்கு ஃப்ளோரைடு அதிகமுள்ள பற்பசையைப் பல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

#6 பள்ளத்தூர் கணக்கு வாத்தியார்

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவிக்கு முடக்குவாதம், அதோடு சேர்ந்த வறட்சி. அதனால் இந்தக் கேள்வி எனக்கு வீட்டுக் கேள்வி.

எவ்வளவு குறைந்தால் குறைந்தது என்று சொல்லலாம்? 1989-இல் ஜெஷ்கே, சிங்கர், கயாட் என்ற மூவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். நோயாளி தனக்கு நல்லது என்று உணர்கிற, பக்க விளைவும் செலவும் பெரிதாக இல்லாவிட்டால் அதற்காக மருத்துவத்தையே மாற்றலாம் என்கிற அளவுக்கு உள்ள மிகச் சிறிய மாற்றம் எதுவோ, அதுதான் அளவுகோல். அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. நிறைய நோயாளிகளிடம் முன்னும் பின்னும் மதிப்பெண் வாங்குகிறார்கள். கூடவே "முன்னைக்கு இப்போது எப்படி?" என்று தனியாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கொஞ்சம் தேவலை" என்று சொன்னவர்களுடைய மதிப்பெண் சராசரியாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். எல்லைக்கோட்டைப் போடுவது நோயாளியின் வாய்ச்சொல்தான்.

ஷோகிரனுக்கு எஸ்ப்ரி என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் வறட்சி, அசதி, வலி ஒவ்வொன்றும் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு மூன்றின் சராசரி எடுப்பார்கள். அதில் 1 புள்ளி அல்லது 15 சதவீதம் குறைந்தால் பொருட்படுத்தத் தக்க முன்னேற்றம் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. 5-க்குக் கீழே இருந்தால் நோயாளி "இப்படியே இருந்தாலும் சமாளிப்பேன்" என்று ஏற்கும் நிலை. குறைந்தது எவ்வளவு என்பது ஒன்று, எங்கே வந்து நிற்கிறது என்பது ஒன்று. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஆத்தாவின் அணாவுக்கு வருவோம். 12 அணா என்பது பத்துக்கு 7.5. 10 அணா என்பது 6.25. இறக்கம் 1.25 புள்ளி, சதவீதத்தில் 16.7. ஃபைலில் 7.5 எட்டாக ஏறி, 6.25 ஆறாக இறங்கி, 1.25 இரண்டாகிவிட்டது, 16.7 சதவீதம் 25 ஆகிவிட்டது. யாரும் தப்பாக எழுத நினைக்கவில்லை. முழு எண்ணாக்கியதே இவ்வளவு செய்திருக்கிறது. நம்ம ஊரில் வட்டிக் கணக்கில் இப்படி எழுதினால் பேரேட்டை மூடி வைத்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள்!

உண்மையான இறக்கம் எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் அந்தக் கோடு மூன்றின் சராசரிக்குப் போட்டது. வாய் வறட்சிக்கு மட்டும் போட்டதல்ல. அந்த எஸ்ப்ரி வறட்சியில் கண்ணும் தோலும்கூடச் சேர்த்தி. வாய்க்கு மட்டும் என்றால் 11 கேள்வி கொண்ட ஒரு வினாத்தாள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 11 முதல் 55 வரை. உலர்ந்த பண்டம் தின்னச் சிரமமா, விழுங்கத் தண்ணீர் வேண்டுமா, ராத்திரி எழுகிறீர்களா என்று கேட்கும். முதியவர்களிடம் செய்த ஆய்வில் 6 புள்ளி மாற்றம் பொருட்படுத்தத் தக்கது என்று கண்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்தை எப்போது ஆரம்பிப்போம்? ரொம்ப முடியாதபோது. சித்திரை வெயிலில் 12 அணா இருந்தது ஐப்பசி மழையில் மருந்தே இல்லாமல் 11 ஆகியிருக்கலாம். உச்சத்தில் அளந்தால் அடுத்த அளவு இறங்கித்தான் வரும்.

#7 சிங்கப்பூர் மருமகள், கானாடுகாத்தான்

நான் இங்கே மருந்து ஆய்வுகளின் தரவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

பிரான்சில் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மருந்தை 120 ஷோகிரன் நோயாளிகளிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். வறட்சி, வலி, அசதி மூன்றில் குறைந்தது இரண்டாவது, ஒவ்வொன்றும் 30 சதவீதம் குறைய வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்தார்கள். 24 வாரம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களில் 17.9 சதவீதம் பேர் அதைத் தொட்டார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.2 சதவீதம். அவர்களும் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தேவலை என்று உணர்ந்தவர்கள்.

இங்கிலாந்தில் ரிடக்சிமாப் ஊசியை 133 பேரிடம் சோதித்து 2017-இல் வெளியான முடிவும் இதே மாதிரி. அசதி அல்லது வாய் வறட்சி 30 சதவீதம் குறைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 39.8 சதவீதம், போலி ஊசியில் 36.8 சதவீதம். ஆனால் அதே ஆய்வில் சும்மா இருக்கும்போது சுரக்கும் உமிழ்நீரில் மட்டும் ஊசி போட்டவர்களுக்குச் சாதகமான வித்தியாசம் இருந்தது. சுரப்பி சொன்னது ஒன்று, வாய் சொன்னது ஒன்று. டாக்டர் இரண்டாவது பதிவில் பிரித்துக் காட்டியது இங்கே அப்படியே தெரிகிறது. இதை முதல் தடவை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் அத்தைக்கும் இதே நோய்.

உங்கள் ஆத்தா சாப்பிடும் பைலோகார்பின் கதை வேறு. 373 பேரிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 5 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு நாலு வேளை எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் வாய் வறட்சி குறைந்ததாகச் சொன்னார்கள். போலி மாத்திரையில் சுமார் 30. ஆக மருந்து வேலை செய்கிறது. ஆனால் தேறிய 60 பேரில் பாதிக்குப் பக்கம் போலி மாத்திரையிலேயே தேறியிருப்பார்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். உங்கள் ஆத்தா எந்தப் பாதி என்பதை ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது.

#8 கீழச்சிவல்பட்டிக்காரன்

ஒவ்வொரு பதிவையும் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேவகோட்டை ஆச்சி எழுதியதைக் கேட்டபோது பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். "அவுகளுக்கு என்னைவிடச் சின்ன வயசு" என்று மட்டும் சொன்னார்கள்.

டாக்டர், நீங்கள் கேட்ட பட்டியலை எடுத்தபோது ஒன்று அகப்பட்டது. கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் மூன்று வருஷமாக அமிட்ரிப்டிலின் ஒரு மாத்திரை ராத்திரியில் சாப்பிட்டு வந்தார்கள். வைகாசியில் அதை வேறொரு டாக்டர் நிறுத்திவிட்டார். பைலோகார்பின் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை அப்போது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியாது.

எடையும் போட்டோம். சித்தப்பா நகைக்கடையிலிருந்து சின்னத் தராசு ஒன்றைக் கொடுத்தார், 0.01 கிராம் வரை காட்டும். வெறும் கிண்ணத்தை முதலில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கினோம். ஆத்தா வளவில் தூணோரம் முக்காலியில் உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல்லின் பூவைப் பார்த்தபடி குனிந்திருந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் கிண்ணத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் கெட்டியாக, நுரை மாதிரி ஒரு இழை உதட்டிலிருந்து தொங்கியது, அறுந்து விழவே இல்லை. விரலால் வழித்து விட வேண்டியிருந்தது. தினமும் பார்க்கும் முகம்தான், ஆனால் இதைக் கிட்டத்தில் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று நாள் கணக்கு: 1.42, 1.86, 1.31 கிராம். மருந்துக்கு முன்னால் எடுத்த அளவு ஃபைலில் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது, 15 நிமிஷத்துக்கு 1.2 மில்லி.

#9 பல்டாக்டர் காரைக்குடி

ரொம்ப நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அமிட்ரிப்டிலின் உமிழ்நீரைக் காய வைக்கும் மாத்திரைகளில் முக்கியமானது. சளி, அரிப்புக்கு எடுக்கும் சில பழைய மாத்திரைகளும் அப்படித்தான். அது நின்றதாலும் வாய் கொஞ்சம் தேறியிருக்கலாம். வாதநோய் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கால் எரிச்சல் திரும்பினால் நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

உங்கள் மூன்று எடையும் நிமிஷத்துக்கு 0.09, 0.12, 0.09 மில்லி என்று வருகிறது. பழையது 0.08. மூன்று நாளுக்குள்ளேயே இவ்வளவு ஏறி இறங்கும்போது 0.08-க்கும் 0.1-க்கும் உள்ள வித்தியாசத்தை மருந்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் மூன்று தடவை எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மறக்காமல் பாருங்கள். காதுக்குக் கீழே கன்னத்துச் சுரப்பி விடாமல் வீங்கி நிற்பது, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவது, காலில் செம்புள்ளிகள். இவை வந்தால் அணாக் கணக்கைக் கேட்க வேண்டாம், உடனே போங்கள். இந்த நோயில் நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வறட்சி குறைவதால் அது குறைந்துவிடாது.

#10 பள்ளத்தூர் கணக்கு வாத்தியார்

தம்பி, இப்போது உங்கள் முன்னால் இருப்பது இரண்டு கேள்வி. ஆத்தாவுக்குத் தேவலையா? அது மாத்திரையாலா? இரண்டாவதற்கு, மழையும் நிறுத்திய மாத்திரையும் சேர்ந்திருப்பதால் இன்று பதில் இல்லை. முதல் கேள்விக்கு ஆத்தாவிடமே பதில் இருக்கிறது, ஆனால் அதைப் பின்னால் கேட்டால் குழம்பும். மகன் இவ்வளவு செலவு செய்கிறானே என்று "தேவலைப்பா" என்று சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே கேளுங்கள். "எது முடிந்தால் இந்த வேர்வையையும் செலவையும் பொறுத்துக்கொள்வீர்கள்?" அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். பிறகு அதைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை முதலில் பாருங்கள்.

#11 கீழச்சிவல்பட்டிக்காரன்

கேட்டேன் ஐயா. சீடை என்று சொல்வார்கள், ராத்திரித் தூக்கம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். "பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கணும்" என்றார்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் நோன்பு. இருபத்தோரு நூலிழையைத் திரித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க ஒவ்வொருவராக வாங்கிக்கொள்வோம். போன வருஷம் ஆத்தாவுக்கு மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு நகரவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொம்புத் தண்ணீர் முழுக்கக் குடித்துத்தான் இறக்கினார்கள். அன்றைக்கு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறார்கள், ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார்கள்.

நோட்டில் எழுதிவிட்டேன்: "இழை மாவு ஒரு மடக்குத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்."

#12 தேவகோட்டை, பன்னிரண்டு வருஷம்

அண்ணே, படித்துக் கண் கலங்கிவிட்டது (எங்களுக்குக் கண்ணீரும் சுலபமாக வராது). நான் நாலு வருஷமாக இழை எடுப்பதையே விட்டுவிட்டேன். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அடுக்களையில் நின்றுகொள்வேன். எந்த வினாத்தாளும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

#13 பல்டாக்டர் காரைக்குடி

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மாவை நெல்லிக்காய் அளவுக்குப் பிடிக்காமல் சுண்டைக்காய் அளவுக்குப் பிடியுங்கள். நெய் கொஞ்சம் கூடுதலாக விட்டுத் தளரப் பிசையுங்கள். அதற்கு முன் ஒரு வாய்த் தண்ணீரில் வாயை நனைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் ஊறும் நேரமாக இருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

#14 கீழச்சிவல்பட்டிக்காரன்

நோன்பு முடிந்தது. எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

நடுவில் மதுரை போய் வந்தோம். அமிட்ரிப்டிலின் விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் ஃபைலில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். 8, 6 என்று இருந்ததை 7.5, 6.25 என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். வேர்வைக்காக நாலு வேளையை மூன்று வேளையாக்கி இரண்டு மாதம் பார்ப்போம் என்றார்.

நேற்றைக்கு முதல் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்து மாத்திரை கொடுத்தேன். டாக்டர் சொன்ன மாதிரி மாவைச் சின்னதாகப் பிடித்தோம். ஆத்தா முறை வந்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. இழையை வாங்கிச் சுடரோடு வாயில் போட்டு, கண்ணை மூடி, தாடையை ஒரு தடவை, இரண்டு தடவை அசைத்தார்கள். கையை நீட்டினார்கள், தம்ளரைக் கொடுத்தேன். ஒரு மடக்கு. தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்து வழிவிட்டார்கள்.

ராத்திரி படுக்கப் போகும்போது, இப்போது வறட்சி எத்தனை அணா என்று கேட்டேன். "பத்தணாதான். அதுல என்ன" என்றார்கள். நோட்டில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இன்று காலை பதிகத்தில் எட்டாம் பாட்டு வரை போனார்கள்.

தேவகோட்டை ஆச்சி, நீங்கள் எடுத்தீர்களா?

#15 தேவகோட்டை, பன்னிரண்டு வருஷம்

எடுத்தேன் அண்ணே. சுண்டைக்காய் அளவு. இரண்டு மடக்கு.